மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எழுத்து பெரிதாகிறதா? கோப்பைக் கெடுக்காமல் சரிசெய்யும் வழி

போன வருடம் 148 பக்கக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைக் கீழே உருட்டும்போது எழுத்தெல்லாம் சட்டென்று சிறுத்துவிட்டது. எழுத்தளவு எப்படியோ மாறிவிட்டது என்று முடிவுகட்டி, கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்தேன். அளவுப் பெட்டி காலியாக இருந்தது. தலைப்பு 18, உடல் 11, அடிக்குறிப்பு 9 என்று பல அளவுகள் கலந்திருந்தால் அந்தப் பெட்டி எந்த எண்ணையும் காட்டாது. அது அப்போது எனக்குத் தெரியாது. 13 என்று தட்டிச் சேமித்து, கோப்பை மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் அச்செடுக்கும் கடையில் 206 பக்கம் வந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 412 ரூபாய். தலைப்பும் அடிக்குறிப்பும் கவிதை மேற்கோளும் ஒரே உயரத்தில் நின்றன. கடையில் இருந்த இளைஞர் திரையைப் பார்த்துவிட்டு, “சார், முதலில் எழுத்தளவு மாறவே இல்லை. மவுஸ் உருட்டியதில் ஜூம், அதாவது திரையில் காட்டும் அளவு, குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்” என்றார். பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு முழு நாள் ஆனது. உங்களுக்கு அந்த இரண்டு நாள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

செலவு: பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை. விசைப்பலகையே பழுது என்றால் மட்டும் சில நூறு ரூபாய். நேரம்: 100 சதவீதத்துக்குத் திரும்ப அரை நிமிடம், காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம், இனி வராமல் தடுக்க இன்னொரு பத்து நிமிடம். கையில் இருக்க வேண்டியவை: கோப்பின் ஒரு நகல் (வேறு பெயரில் சேமித்தது), அலுவலகக் கணினி என்றால் மென்பொருள் நிறுவும் அனுமதி.

1. எதையும் மாற்றாதீர்கள், முதலில் எண்ணைப் பாருங்கள்

எழுத்து பெரிதாகவோ சிறிதாகவோ தெரிந்தால் எழுத்தளவுப் பெட்டியின் பக்கம் போகவே வேண்டாம். சன்னலின் அடிப்பட்டையைப் பாருங்கள். எம்.எஸ். வேர்டிலும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலும் வலது கீழ் மூலையில் ஒரு சதவீதம் இருக்கும். விண்டோஸ் நோட்பேடிலும் அடிப்பட்டையில் சதவீதம் தெரியும். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் நோட்பேடுக்கு ஜூம் வசதியே வந்தது. அங்கே 100 என்று இல்லாமல் 70, 130, 210 என்று ஏதாவது இருந்தால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பார்க்கும் கண்ணாடிதான் மாறியிருக்கிறது.

ஜூம் அச்சில் வராது. திரையில் 300 சதவீதம் வைத்திருந்தாலும் 11 பாயின்ட் எழுத்து தாளில் 11 பாயின்ட்டாகத்தான் விழும். இதை நன்றாக மனத்தில் ஏற்றிக்கொண்டால் என்னைப் போல் அவசரப்பட மாட்டீர்கள்.

இதற்குள் அளவை மாற்றித் தொலைத்துவிட்டீர்கள் என்றால், கோப்பை மூடாதீர்கள். கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தி மாற்றத்தைத் திரும்பப் பெறுங்கள். வேர்டில் கோப்பை மூடியவுடன் அந்த வழி அடைபட்டுவிடும். நான் விழுந்த குழி அதுதான்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். எழுத்து மட்டுமல்லாமல் மெனு, கடிகாரம், டெஸ்க்டாப் படங்கள் எல்லாமே பெரிதாகியிருந்தால் அது எடிட்டர் (நீங்கள் எழுதும் மென்பொருள்) வேலை இல்லை. திரை முழுவதையும் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸின் மேக்னிஃபையர் விழித்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் விசையும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் அது மூடிக்கொள்ளும்.

2. நூறுக்குத் திரும்புங்கள், ஆனால் கண்ட்ரோல் பூஜ்யத்தை நம்பி எல்லா இடத்திலும் தட்டாதீர்கள்

“கண்ட்ரோலையும் பூஜ்யத்தையும் அழுத்து, சரியாகிவிடும்” என்பது பலரும் சொல்லும் யோசனை. பிரவுசரிலும் நோட்பேடிலும் அது சரி. மற்ற இடங்களில் அதுவே புதிய தொல்லை.

வேர்டில் கண்ட்ரோல் பூஜ்யம் ஜூமைத் தொடாது. கர்சர் நிற்கும் பத்திக்கு மேலே 12 பாயின்ட் இடைவெளியைச் சேர்க்கும்; மறுபடி அழுத்தினால் எடுத்துவிடும். ஜூம் திரும்பவில்லையே என்று கோபத்தில் ஐந்து முறை தட்டினால் பத்திக்கு மேல் இடைவெளி விழுந்திருக்கும், ஆறு முறை தட்டினால் விழுந்திருக்காது. எத்தனை முறை தட்டினோம் என்று யார் எண்ணுகிறார்கள்? வேர்டில் சரியான வழி: மேலே ‘வியூ’ பகுதிக்குப் போய், அங்கே ‘100%’ என்று எழுதியிருக்கும் பொத்தானை ஒரு முறை சொடுக்குங்கள்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் அடிப்பட்டையின் சதவீத எண்மீது வலது சொடுக்கு செய்து, வரும் பட்டியலில் 100-ஐத் தேர்ந்தெடுங்கள்.

நோட்பேட்++ பயன்படுத்துகிறவர்கள்: இதன் அடிப்பட்டையில் ஜூம் சதவீதம் இருக்கும் என்று தேட வேண்டாம். ‘வியூ’ மெனு, ‘ஜூம்’, ‘ரீஸ்டோர் டிஃபால்ட் ஜூம்’ என்று போங்கள். இதற்கான குறுக்கு விசை கண்ட்ரோலும் எண்பலகையில் உள்ள வகுத்தல் குறியும். பல மடிக்கணினிகளில் தனி எண்பலகை கிடையாது. கேள்விக்குறி விசையில் உள்ள சாய்கோட்டை அழுத்திப் பார்த்து ஏமாறாமல் மெனுவுக்கே போய்விடுங்கள். மூடித் திறந்தால் சரியாகும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். கடைசி ஜூமை அது நினைவில் வைத்திருந்து மறுபடி அதே அளவில்தான் திறக்கும். திரையை இரண்டாகப் பிரித்து வேலை செய்தால் ஒவ்வொரு பாதிக்கும் தனி ஜூம். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது அப்படியே நிற்கும்.

நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டுடியோ கோடில் கண்ட்ரோல் பூஜ்யம் உங்களைப் பக்கவாட்டுப் பட்டைக்குக் கொண்டுபோய்விடும். அங்கே இரண்டு வகைப் பெரிதாக்கம் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பு. மெனுவும் சேர்ந்து பெரிதாகியிருந்தால் ‘வியூ’, ‘அப்பியரன்ஸ்’, ‘ரீசெட் ஜூம்’. எழுத்து மட்டும் பெரிதாகியிருந்தால் எஃப்1 அழுத்தி, வரும் பெட்டியில் ‘ரீசெட் எடிட்டர் ஃபான்ட் சைஸ்’ என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள்.

சப்ளைம் டெக்ஸ்ட் ஒரு விதிவிலக்கு. அதில் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை உருட்டினால் ஜூம் என்று தனியாக எதுவும் மாறுவதில்லை. அமைப்புக் கோப்பில் உள்ள எழுத்தளவு எண்ணே மாறி, சேமிக்கப்பட்டும் விடும். ‘பிரிஃபரன்சஸ்’, ‘ஃபான்ட்’, ‘ரீசெட்’ என்று போனால் மென்பொருளின் இயல்பான அளவு வரும். நீங்களாக விரும்பி வைத்திருந்த அளவு ஒன்று இருந்தால் அதை மறுபடி கையால் போட வேண்டும்.

3. யார் குற்றவாளி என்று கண்டுபிடியுங்கள்

நூறுக்குத் திரும்பியதோடு நிறுத்தினால் மாலைக்குள் மறுபடி வரும். சக்கரத்தை ஒரு நொடிப்பு (ஒரு சிறு படி) உருட்டும்போது விண்டோஸ் எடிட்டருக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. எவ்வளவு உருண்டது என்பதோடு, அந்தக் கணத்தில் கண்ட்ரோல் அழுந்தியிருந்ததா என்பதும் அதே செய்தியில் போகிறது. அழுந்தியிருந்தால் ஜூம், இல்லையென்றால் உருட்டல். ஆகவே தேட வேண்டியது ஒன்றே ஒன்று: கண்ட்ரோலை அழுத்தியது யார்?

உங்கள் இடது கைதான் முதல் சந்தேக நபர். நகலெடுக்க, ஒட்ட, சேமிக்க என்று நாள் முழுதும் சுண்டு விரல் கண்ட்ரோல் மீதே கிடக்கிறது. ஒரு பத்தியை நகலெடுத்துவிட்டு விரலை எடுக்காமலேயே ஒட்டும் இடத்தைத் தேடிச் சக்கரத்தை உருட்டுவோம். என் விஷயத்தில் பத்துக்கு எட்டுத் தடவை இதுதான். ஒரு நாள் முழுக்க என் கையையே கவனித்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன்; அதுவரை மவுஸைத்தான் திட்டினேன்.

இரண்டாவது, சக்கரத்தின் வேகம். தடையில்லாமல் பம்பரம்போல் சுழலும் சக்கரம் கொண்ட மவுஸ்கள் உண்டு. நீளமான கோப்பில் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, அது ஓடி முடிவதற்குள் சேமிக்க என்று கண்ட்ரோலை அழுத்தினால், மிச்சமிருக்கும் சுழற்சி முழுவதும் ஜூமாக மாறும். கோப்பு ஒரே நொடியில் எறும்பு வரிசையாகிவிடும். இத்தகைய மவுஸில் சக்கரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சிறு பொத்தான் இருக்கும்; அதை அழுத்தினால் சக்கரம் நொடிப்பு நொடிப்பாகச் சுழலத் தொடங்கும். மேக் கணினியில் பொத்தான் எதுவுமின்றியே இது நடக்கும்: விரலை எடுத்த பிறகும் உருட்டல் சற்று நேரம் வழுக்கிக்கொண்டு போகும், அந்த நேரத்தில் விசையை அழுத்தினால் ஜூம்.

மூன்றாவது, டச்பேட். மடிக்கணினிக்காரர்கள் இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சோதிப்பார்கள். இரண்டு விரலால் உருட்டும்போது விரல்கள் சற்று விலகினால் கணினி அதைக் ‘கிள்ளிப் பெரிதாக்கும்’ சைகை என்று எடுத்துக்கொள்ளும். அந்தச் சைகையைத் தெரியாத மென்பொருளுக்கு விண்டோஸ் அதைக் கண்ட்ரோலும் சக்கரமுமாகவே மொழிபெயர்த்து அனுப்பும். நிறுத்த: ‘செட்டிங்ஸ்’, ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’, ‘டச்பேட்’, அதில் ‘ஸ்க்ரோல் அண்ட் ஜூம்’, ‘பிஞ்ச் டு ஜூம்’ என்பதன் அருகில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 10-இல் ‘டிவைசஸ்’, ‘டச்பேட்’ என்று போக வேண்டும்.

நான்காவது, விசை சிக்கிக்கொள்வது. தேநீர் சிந்திய விசைப்பலகையில் கண்ட்ரோல் கீழே போனால் மேலே வராது. சோதிக்க ஒரு நல்ல வழி: விண்டோஸ், கண்ட்ரோல், ஆங்கில எழுத்து ஓ, மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரை விசைப்பலகையைத் திறங்கள். கையை முழுவதுமாக எடுத்த பிறகும் அதில் கண்ட்ரோல் ஒளிர்ந்துகொண்டிருந்தால் விசை சிக்கியிருக்கிறது. இடது, வலது கண்ட்ரோல் இரண்டையும் ஒரு முறை அழுத்தி விடுங்கள். தொலைவிலிருந்து வேறொரு கணினியில் இணைந்து வேலை செய்து, பாதியில் இணைப்பு அறுந்தாலும் இப்படி ஆகும். அதற்கு இந்த அழுத்தி விடுதலே போதும். திரும்பத் திரும்ப ஒளிர்ந்தால் வேறொரு விசைப்பலகையைக் கடன் வாங்கிச் சொருகிப் பாருங்கள். அதில் தொல்லை இல்லையென்றால் புதிது வாங்குவதே மலிவு. எனக்கு 450 ரூபாய் ஆனது, அதற்கு முன் சுத்தம் செய்யக் கொடுத்த 200 வீண்.

‘ஸ்டிக்கி கீஸ்’ என்ற வசதியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் அதை இயக்கலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். பலர் படிக்காமலே ஆம் என்று சொல்லிவிடுகிறார்கள். அது இயங்கும்போது கண்ட்ரோலை இரண்டு முறை தட்டினால் பூட்டிக்கொண்டுவிடும். ‘செட்டிங்ஸ்’, ‘ஆக்சசபிலிட்டி’, ‘கீபோர்டு’ என்ற இடத்தில் அணைக்கலாம்.

கண்ட்ரோலே இல்லாமல் சக்கரம் ஜூம் செய்கிறதா? அது எக்செல் என்றால் காரணம் வேறு. ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘ஜூம் ஆன் ரோல் வித் இன்டெலிமவுஸ்’ என்ற வரியில் குறி விழுந்திருக்கும். எடுத்துவிட்டால் முடிந்தது.

4. மென்பொருளுக்குள்ளேயே நிறுத்த முடிந்தால் அதோடு விடுங்கள்

விஷுவல் ஸ்டுடியோ கோடில் ‘செட்டிங்ஸ்’ திறந்து ‘மவுஸ் வீல் ஜூம்’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். குறியை எடுங்கள். உண்மையில் இது முதலிலேயே அணைந்த நிலையில்தான் வரும். எரிந்துகொண்டிருந்தால் நீங்களோ உங்கள் பழைய கணினியின் அமைப்பை இறக்குமதி செய்த வசதியோ எப்போதோ இயக்கியிருக்கிறீர்கள்.

இன்டெலிஜே, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போன்றவற்றில் ‘செட்டிங்ஸ்’, ‘எடிட்டர்’, ‘ஜெனரல்’ பக்கத்தில் கண்ட்ரோலும் மவுஸ் சக்கரமும் கொண்டு எழுத்தளவை மாற்றுவது பற்றிய ஒரு வரி இருக்கும். அதிலும் குறியை எடுத்தால் போதும்.

பயர்பாக்ஸில் எழுதுகிறவர்களுக்கு நல்ல வழி உண்டு. முகவரிப் பெட்டியில் ‘அபவுட்’, முக்காற்புள்ளி, ‘கான்ஃபிக்’ என்று இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் தட்டினால் எச்சரிக்கை ஒன்று வரும். ஏற்றுக்கொண்டு உள்ளே போங்கள். தேடல் பெட்டியில் ‘மவுஸ்வீல்’ என்று கொடுத்தால் வரும் பட்டியலில் ‘வித் கண்ட்ரோல் ஆக்‌ஷன்’ என்று முடியும் வரியில் 3 இருக்கும். 3 என்றால் ஜூம், 1 என்றால் உருட்டல், 0 என்றால் ஒன்றும் செய்யாதே. அதை 1 ஆக்குங்கள். இதற்குப் பிறகு விரல் கண்ட்ரோலில் கிடந்தாலும் பக்கம் சாதாரணமாக உருளும். எனக்கு எல்லா மென்பொருளிலும் வேண்டியது இதுதான். ஏனோ மற்றவர்கள் தரவில்லை.

நோட்பேட்++ இல் ‘ஷார்ட்கட் மேப்பர்’ என்ற இடத்தைப் பார்த்ததும் ஆசை வரும். விசைச் சேர்க்கைகளை அங்கே மாற்றலாம். சக்கரத்தை மாற்ற முடியாது. அதில் நான் தொலைத்த அரை மணி நேரத்தை நீங்களும் தொலைக்க வேண்டாம். வேர்டுக்கும் அடுத்த படிதான் கைகொடுக்கும்.

5. கணினி முழுவதற்கும் பூட்டுப் போடுவது

ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருள் விண்டோஸுக்கு உண்டு. அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். பணம் கேட்கும் இடம் எதுவும் உண்மையான இடமில்லை. அலுவலகக் கணினியில் நிறுவும் முன் கணினிப் பிரிவில் கேட்டுவிடுங்கள், விசைகளைக் கண்காணிக்கும் எதையும் அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

நிறுவிய பின் டெஸ்க்டாப்பில் வலது சொடுக்கு செய்து ஒரு புதிய ஆட்டோஹாட்கீ கோப்பை உருவாக்குங்கள். அதில் இரண்டே வரி. முதல் வரி: தொப்பிக் குறி (^), அதை ஒட்டி இடைவெளியில்லாமல் ‘வீல்அப்’ என்ற ஆங்கிலச் சொல், அடுத்து இரண்டு முக்காற்புள்ளிகள் (::), பிறகு ‘ரிட்டர்ன்’ என்ற ஆங்கிலச் சொல். இரண்டாவது வரியில் ‘வீல்அப்’ இடத்தில் ‘வீல்டவுன்’, மற்றதெல்லாம் அதே. தொப்பிக் குறிக்குக் கண்ட்ரோல் என்று பொருள், ‘ரிட்டர்ன்’ என்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போ. சேமித்து, கோப்பை இருமுறை சொடுக்கினால் கடிகாரத்துக்கு அருகில் பச்சை நிறத்தில் ஒரு குறி தோன்றும். வேர்டைத் திறந்து கண்ட்ரோலைப் பிடித்தபடி உருட்டிப் பாருங்கள். எழுத்து அசையக் கூடாது.

கணினியை அணைத்துப் போட்டால் இந்தப் பூட்டு காணாமல் போகும். விண்டோஸ் விசையும் ஆங்கில எழுத்து ஆர் விசையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ‘ஷெல்’, முக்காற்புள்ளி, ‘ஸ்டார்ட்அப்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டினால் ஒரு கோப்புறை திறக்கும். உங்கள் கோப்பை அதில் போட்டுவிடுங்கள். இனி ஒவ்வொரு முறையும் தானாக இயங்கும்.

இதன் விலை ஒன்று உண்டு: பிரவுசர், படம் திருத்தும் மென்பொருள், வரைபடம் எல்லாவற்றிலும் கண்ட்ரோல் சக்கர ஜூம் போய்விடும். வீட்டில் ஒரே கணினியை அப்பாவும் பயன்படுத்துகிறார், அவருக்கு எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும் என்றால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். தேவைப்படும் நேரத்தில் அந்தப் பச்சைக் குறியில் வலது சொடுக்கு செய்து சற்று நேரம் நிறுத்தியும் வைக்கலாம்.

6. கோப்பை அனுப்பும் முன்

வேர்ட் கோப்பு தன்னோடு ஜூமையும் சுமந்துகொண்டு போகும். நீங்கள் 60 சதவீதத்தில் சேமித்து அனுப்பினால், வாங்குகிறவர் கணினியிலும் 60-இல் திறக்கக்கூடும். அவரும் என்னைப் போல் முழுவதையும் தேர்ந்தெடுத்து 13 போட்டுவிட்டால் பழி உங்கள் மேல்தான். 100-க்குக் கொண்டுவந்து, ஒரு இடைவெளியைத் தட்டி அழித்து, பிறகு சேமியுங்கள். ஜூமை மட்டும் மாற்றினால் வேர்ட் அதை ஒரு மாற்றமாகவே எண்ணாது, சேமிக்கவும் சேமிக்காது. அதற்காகத்தான் அந்த இடைவெளி.

தமிழில் மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. 70 சதவீதத்துக்குக் கீழே போனால் புள்ளிகள் கரைந்துவிடுகின்றன. ‘க’வும் ‘க்’கும் ஒன்றாகத் தெரியும், ஒற்றுப்பிழை நழுவிப் போகும். நான் முதலில் சொன்ன தொகுப்பில், ஜூம் குறைந்தது தெரியாமல் பார்த்த இருபது பக்கங்களை மறுபடி பார்த்தபோது பதினோரு ஒற்றுகள் விட்டிருந்தது தெரிந்தது. இப்போது 130-க்குக் கீழே மெய்ப்புப் பார்ப்பதில்லை.

அச்சுக்கு அனுப்புவது பிடிஎஃப் கோப்பாகவே இருக்கட்டும். அதிலும் முழுவதையும் அச்சிடச் சொல்லாமல், தலைப்பு, உடல், அடிக்குறிப்பு மூன்றும் இருக்கும் ஒரு பக்கத்தை மட்டும் 2 ரூபாய் கொடுத்து எடுத்து, ஏற்கெனவே சரியாக வந்த பழைய அச்சுத்தாள் மீது வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் மிச்சப் பக்கங்களுக்குச் சொல்லுங்கள்.